அந்தச் சுவர்ல ஆணி அடிக்கலாமுங்களா?

திருப்பூரில் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிகிற ஆளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கட்டிங் மாஸ்டர் போலிருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். டிராயிங் மாஸ்டருக்கு அதுதான் வசதி. அவர் அளப்பது மார்பும் இடுப்பும் அல்ல, சுவர். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை முகத்துக்கு முன்னால் மண்டபத்து மேற்குச் சுவரைப் பார்ப்பார். வங்கியில் டோக்கன் நம்பர் கூப்பிட்டால் காதில் விழாது. லோன் விளம்பரப் பலகையை எடுத்துவிட்டால் எத்தனை படம் மாட்டலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். ஒரு துக்க வீட்டில் மாலையைச் சாத்திவிட்டு நிமிர்ந்தவர், என் காதோரம் வந்து, "பதினெட்டு அடிங்க. ஜன்னலே இல்ல" என்றார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: பிள்ளைகள் வரைந்த நாற்பது ஐம்பது படங்களை ஒரு நாள், கூடிப்போனால் இரண்டு நாள், மாட்டி வைக்க ஓர் இடம்.

இந்த டிராயிங் மாஸ்டர் வகையறாவில் பலர் பகுதி நேர ஆசிரியர்கள். 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி என்று 16,549 பேரை எடுத்தார்களே, அந்த அணி. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். இதற்கு ஓவர்லாக் ஓட்டப் போயிருக்கலாம் என்று அவர்கள் வீட்டில் சொல்வதுண்டு. சொல்வதில் நியாயமும் உண்டு.

கோயம்புத்தூர்க்காரருக்கு அவினாசி ரோட்டில் கஸ்தூரி சீனிவாசன் ஆர்ட் கேலரி இருக்கிறது. சென்னைக்காரருக்குக் கிரீம்ஸ் ரோட்டில் லலித் கலா அகாடமி. எங்களுக்கும் ஓர் அவினாசி ரோடு உண்டு. அதில் ஷோரூம்கள் உண்டு. 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர் இது. அவ்வளவு துணியையும் எங்காவது அடுக்கித்தானே ஆக வேண்டும்? ஆர்டர் இருந்தால் போகிற சரக்கை வைக்க இடமில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, போகாத சரக்கை வைக்க இடமில்லை. ஏற்றமோ இறக்கமோ, குடோன் மட்டும் நிறைந்தே இருக்கும். 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இந்த வகையறாவில் மூத்தவர் ஒருவர் மட்டும், "அப்ப ஷெட்டெல்லாம் காலியாத்தான கெடக்கும்?" என்று கேட்டு, டீக்கடையில் அடி வாங்காமல் தப்பினார்.

மண்டப மேனேஜரிடம் பேசப் போகிறவர் காலண்டரைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் போவார்.

"முகூர்த்தம் இல்லாத மாசமாப் பாத்துத்தான் கேக்கறனுங்க. ஆடி குடுங்க."

"ஆடிக்கு எக்ஸ்போக்காரங்க அட்வான்ஸ் குடுத்துட்டாங்க மாஸ்டர். பனியன், நைட்டி, ஜமுக்காளம்."

"மார்கழி?"

"மார்கழில பெயிண்ட் அடிக்கறமுங்க."

"எந்தச் சுவத்துக்குங்க?" மாஸ்டருக்கு முகம் மலர்ந்துவிடும்.

"எல்லாச் சுவத்துக்குந்தான். அடிச்சுப் போட்டு அதுல உங்கள ஆணி அடிக்க உட்ருவமுங்களா?"

கம்பெனி முதலாளிகள் இவ்வளவு கறார் கிடையாது. உட்கார வைத்து, டீ வரவழைத்து, பொறுமையாகக் கேட்பார்கள். மாஸ்டர் அங்கே தன் கைவசமுள்ள உலக வரலாற்றை அவிழ்ப்பார். 1988இல் டேமியன் ஹர்ஸ்ட் என்ற கலைக்கல்லூரி மாணவர் லண்டன் துறைமுகப் பகுதியில் சும்மா கிடந்த ஒரு கட்டடத்தைப் பிடித்து, கூடப் படித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு 'ஃப்ரீஸ்' என்று ஒரு கண்காட்சி வைத்தார். பிற்பாடு அவர் பிரிட்டனிலேயே பெரும் பணக்கார ஓவியர்களில் ஒருவராகிவிட்டார். அவ்வளவு தூரம் எதற்கு, இங்கிருக்கிற கொச்சியில் 2012இல் பியனாலே தொடங்கியபோது பழைய கிடங்குகளில்தானே படம் வைத்தார்கள்? மிளகு மூட்டை கிடந்த இடத்தில் ஓவியம் வைக்கலாம் என்றால், பனியன் மூட்டை கிடக்கிற இடத்தில் வைக்கக் கூடாதா?

முதலாளி டீ டம்ளரைக் கீழே வைப்பார். "லண்டன்ல பில்டிங் சும்மா கெடந்துச்சுங்களா? வாடகை எத்தனைங்க அங்கெல்லாம்? யாருகிட்டப் பேசோணும்?"

கடைசியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டி-சர்ட் வரும். செகண்ட்ஸ்தான், நெஞ்சில் ஏதோ ஜெர்மன் கிளப்பின் பெயர், தையல் ஒரு பக்கம் லேசாக இழுத்திருக்கும். "எது வேணா கேளுங்க மாஸ்டர், செஞ்சு தர்றேன். எடம் மட்டும் கேக்காதீங்க."

இவரைப் பாவம், உலகம் தெரியாத கலைஞர் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ஊரில் எந்த ஷெட் எந்த மாதம் கைமாறுகிறது, எவருக்கு எவர் பங்காளி, எந்தக் கட்டடத்தில் மழைத்தண்ணீர் ஒழுகும் என்பதெல்லாம் புரோக்கரை விட இவருக்குத்தான் அத்துப்படி. கமிஷன் வாங்கியிருந்தால் எப்போதோ வீடு கட்டியிருப்பார்.

இப்படி அலைந்து அவருக்குச் சிக்கியது ஒரு பிரிண்டிங் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும். நீளநீளமான டேபிள்கள், தலைக்கு மேலே டியூப்லைட் வரிசை, அச்சடித்த பீஸைக் காயப்போடக் கட்டின கம்பிகளில் நூற்றுக்கணக்கில் கிளிப்புகள். ஆணி என்ற பேச்சுக்கே இடமில்லை. மாஸ்டர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டதை அன்றுதான் பார்த்தேன். பட்டறைக்காரர் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். ஏழாம் வகுப்புப் பெண் வரைந்த மயிலுக்கு முன்னால் நின்றுவிட்டார். "ஒம்போது கலரு. கலருக்கு ஒரு ஸ்கிரீன்னா ஒம்போது ஸ்கிரீனு. கட்டுபடியாகாது கண்ணு, நாலுல முடி." அந்தப் பெண் முறைத்தாள்.

'கண்காட்சி' என்று வாசலில் எழுதியிருந்ததால் சந்து ஜனம் முழுக்கக் கட்டைப்பையோடு வந்துவிட்டது. "பீஸ் ரேட்டுங்களா, கிலோ ரேட்டுங்களா?" என்று கேட்டு, படம்தான் என்று தெரிந்ததும், வந்ததுதான் வந்தோம் என்று ஒரு சுற்று சுற்றினார்கள்.

ஒரு பையன் அவன் அம்மாவை ஓவர்லாக் மெஷினோடு வரைந்திருந்தான். அம்மாவே வந்திருந்தார். தன் முகம் சரியாக வந்திருக்கிறதா என்று அவர் பார்க்கவே இல்லை. மெஷின் பக்கம் குனிந்தார்.

"ஏண்டா, நாலு நூல் மெஷினுக்கு மூணு நூல்தான் போட்டிருக்கற? கீழ் லூப்பருக்கு நூலே போகல. இது எப்படி ஓடும்?"

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து நீட்டினார். அந்த அம்மா கூச்சப்படாமல் வாங்கி, நான்காவது நூலை ஸ்டாண்டிலிருந்து கொக்கி கொக்கியாகக் கோத்துக் கீழே இறக்கிக்கொண்டிருந்தபோது பட்டறைக்காரர் வாசலில் இருந்து சத்தம் கொடுத்தார்:

"மாஸ்டர், ஆறு மணிக்கு லோடு வருதுங்க. கிளிப்ப எல்லாம் கழட்டி எண்ணிக் குடுத்துருங்க!"