கூனி தின்று கலர் ஏறிய மீன்

வாலிநோக்கத்தில் மீனைப் பற்றிக் கேட்கத் தகுந்த கேள்விகள் மூன்றுதான்: என்ன விலை, எப்போது கரை ஏறியது, குழம்புக்கா பொரிக்கவா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத மீனைக் கண்ணாடித் தொட்டியில் போட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவனை ஊர் எப்படிப் பார்க்குமோ அப்படித்தான் என்னையும் பார்த்தது.

"ஐஸ் வெச்சு மெட்ராசுக்கு மீன் அனுப்புற ஊருடா இது. நீ அங்கேருந்து மீன் வாங்கிட்டு வந்திருக்க" என்றார் மாமா. உண்மைதான். மன்னார் வளைகுடாவை வாசலில் வைத்துக்கொண்டு, சென்னை கொளத்தூரிலிருந்து பாலிதீன் பையில் ரெயின்போ மீன்களை உயிரோடு பஸ்ஸில் கொண்டுவந்திருந்தேன்.

அதில் ரெயின்போ எங்கே என்பது அத்தையின் கேள்வி. எல்லாம் சாம்பல் நிறத்தில், சூடைக் குஞ்சு மாதிரி இருந்தன. "வளர வளரக் கலர் ஏறும் சார்" என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். பிளாட் விற்கிறவர்களும் "ரோடு வரும் சார்" என்று இதே குரலில்தான் சொல்வார்கள் என்றார் அத்தை.

இந்த வகைக்குப் போசெமானி என்று பெயர். மேற்குப் பப்புவாவின் அயமாரு ஏரிப் பகுதிதான் சொந்த ஊர். 1950-களில் அங்கே இதைப் பிடித்த டச்சு ஆய்வாளர் மரினுஸ் போசெமானின் பெயரையே, 1980-இல் ஜெரால்டு ஆலனும் நார்பர்ட் கிராஸும் இதற்கு வைத்தார்கள். அயமாரு சுண்ணாம்புப் பாறைப் பகுதி. தண்ணீர் கடினமாக இருக்கும். சோப்பு நுரைக்காத, பருப்பு வேகாத எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் இந்த மீன்கள் குதூகலமாக நீந்தின. அந்தத் தண்ணீரைக் குறை சொல்லாத முதல் விருந்தாளிகள் அவைதான். காவிரிக் கூட்டுக் குடிநீரில் ஒரு குடம்கூடக் கேட்கவில்லை என்பதால் அத்தைக்கும் கோபம் பாதி தணிந்தது.

தணிந்த பாதி கூனி இறாலால் திரும்பி வந்தது. ஆரஞ்சு நிறத்துக்கு வேண்டிய கரோட்டினாய்டை மீனின் உடம்பு தானாகச் செய்துகொள்ளாது; தீனியில்தான் கிடைக்க வேண்டும். இறால் இனத்தில் அது நிறைய உண்டு. எனவே அத்தை சம்பலுக்கு வைத்திருந்த காய்ந்த கூனியை உப்புப் போக அலசி, பொடித்துத் தூவினேன். டப்பா குறையக் குறைய, ஆண் மீன்களின் பின்பாதி மஞ்சளாகி ஆரஞ்சாகியது. முன்பாதியில் நீலம் வந்தது. நீலத்துக்குக் கூனி தேவையில்லை. தோல் செல்களில் அடுக்கடுக்காக இருக்கும் நுண்படிகங்கள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் வித்தை அது.

ஆனால் ஏறிய கலர் நிற்பதில்லை. காலை வெயில் தொட்டியில் விழுந்ததும் பெரிய ஆண் மீன் பெண்ணைச் சுற்றும். நெற்றியில் பட்டை ஒன்று பளிச்சென்று தோன்றி மறையும். எதிரே இன்னொரு ஆண் வந்தால் நீலம் கறுக்கும். தோற்றவன் வெளிறி மூலைக்குப் போய்விடுவான். உறவினரைக் கூட்டிவந்து, செல்போனை நீட்டி, "பாருங்க கலரை" என்றால் மொத்தக் கூட்டமும் வெளிறிப்போய், கொளத்தூரில் வாங்கிய நிறத்துக்கே திரும்பிவிடும்.

மாமாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "வலையில ஏறுற கணவாயப் பாத்ததில்லையா? போட்டுல விழுந்ததும் கலர் கலரா மாறும். பயந்தா ஒண்ணு, சண்டைன்னா ஒண்ணு. ஒனக்காகவா கலர் காட்டுது?" என்றார். கணவாயின் நிறப்பைகளைத் தசைகள் இழுத்து விரிக்கின்றன. ரெயின்போவிலோ செல்லுக்குள் கருநிறத் துகள்கள் பரவியும் ஒடுங்கியும் வேலை செய்கின்றன என்று விளக்கினேன். "அதத்தான் நானும் சொன்னேன்" என்றார்.

இப்போது வீட்டில் பங்குத் தகராறு. கலர் தன் கூனியால் வந்தது என்கிறார் அத்தை. தான் வெட்டிய கிணற்றால் வந்தது என்கிறார் மாமா. வருகிறவர்களிடம் "எங்க மீன்" என்றுதான் இருவரும் காட்டுகிறார்கள். தொட்டியின் விளக்கும் மோட்டாரும் சேர்ந்து கரன்ட் பில் ஏறி வந்த மாதம் மட்டும், "ஒன் மீனுக்கு நீதானடா கட்டணும்" என்றார்கள்.