மச்சானின் புது மட்டை

கேள்வி: கொழும்பில் கோல்ஃப் ஆடும் என் மச்சான், 3ஆம் நம்பர் அயன் மட்டையை மூலையில் போட்டுவிட்டு ஹைப்ரிட் என்று ஒன்றைத் தூக்கித் திரிகிறார். அது என்ன பெரிய வித்தையா?
– ஒரு வாசகர், வண்ணாத்திவில்லு

பதில்: வித்தை மட்டையில்தான், மச்சானில் இல்லை! 3ஆம் நம்பர் போன்ற நீண்ட அயனின் தலை மெல்லிய தகடு, முகம் நிமிர்ந்தது. வேகமாகவும் நடுவிலும் அடிக்காவிட்டால் பந்து எழும்பாது. 1975இல் மின்னல் தாக்கித் தப்பிய கோல்ஃப் வீரர் லீ ட்ரெவினோ, இடி மின்னலில் 1ஆம் நம்பர் அயனைத் தூக்கிப் பிடித்தால் போதும், அதைக் கடவுளாலும் அடிக்க முடியாதென்று கேலி செய்தவர். ஹைப்ரிட்டின் தலை உள்ளே கோறை; பாரம் கீழேயும் பின்னாலும். பிசகி அடித்தாலும் பந்து எழும்பும், புல்லிலும் சிக்காமல் வழுக்கும்.

வல்லவர்களும் இதை வெறுக்கவில்லை. 2004 பிரிட்டிஷ் ஓப்பனில் டொட் ஹமில்டன் கடைசிக் குழியில் இதனால் பந்தை உருட்டிவிட்டே எர்னி எல்ஸை வீழ்த்தினார். 2009 பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் கொரியாவின் ஒய்.ஈ. யாங், கடைசிக் குழிக்கு ஏறக்குறைய 190 மீட்டரிலிருந்து ஹைப்ரிட்டால் அடித்துக் கொடியருகே இறக்கினார். முன்னிலையோடு கடைசி நாளைத் தொடங்கிய பெரும் போட்டி எதிலும் அதுவரை தோற்காத டைகர் வூட்ஸ் அன்று தோற்றார்.

குறையும் உண்டு. பெருக்குமாறு போல வீசுகிறவர்களுக்கு இது சரிவராது. அயனைப் போலவே பந்தின் மேல் இறக்கி அடிக்கவேண்டும். வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் ஓடுவதாகவும் புகார். காற்றில் உயரமாகப் போவது இன்னொரு தொல்லை. மச்சானை உங்கள் ஊருக்கு அழைத்து அடிக்கச் சொல்லாதீர்கள்: தென்மேற்குக் காற்றில் பந்து முந்திரித் தோட்டம் தாண்டிப் போனால், வில்பத்துவுக்குள் தேட யார் போவது?