லாக் பண்ணிடலாமா தம்பி?

வா தம்பி, உக்காரு. டிவி வினாடி வினாவுல இறுதிச் சுத்துக்கு வந்துட்டியாமே? உங்கம்மா லிஃப்டுல ஏறுறவங்க எறங்குறவங்க எல்லாருகிட்டயும் சொல்லியாச்சு. நல்லது. தலைநகரமெல்லாம் பாடமா? புர்கினா ஃபாசோவுக்கு வாகாடூகு. சபாஷ். உங்க வீட்டுல பொங்குற அரிசி கிலோ என்ன விலை? தெரியாதா? பரவால்ல, அதை டிவியில கேக்க மாட்டாங்க.

ஆனா ஒண்ணு. சிங்கப்பூர்ல இந்தப் புக்கிட் மேராவுல இருந்துக்கிட்டு கெட்டிக்காரன்னு பேரு வாங்குறதுல கொஞ்சம் பாத்து நடந்துக்க. இந்தச் செவப்பு மலை ஒரு கெட்டிக்காரனை ஏற்கெனவே பாத்துருச்சு. மீன் கதை செஜாரா மெலாயுங்கிற பழைய மலாய் நூல்லயே இருக்கு. மலை செவந்த கதைய ஊரு சொல்லுது. கடல்லேருந்து வாள்மீன் கூட்டங்கூட்டமா பாஞ்சு வந்து கரையில நிக்கிற சனத்தைக் குத்திச்சாம். ராஜா என்ன பண்ணாரு? சிப்பாய்களை வரிசையா நிறுத்தி, அவங்க காலையே வேலியாக்கிட்டாரு. மீனுக்கு என்ன, காலுன்னா கசக்குமா? பொத்துப் பொத்துன்னு விழுந்தான் சிப்பாய். அப்போ ஒரு பொடியன் வந்தான். “மனுசன் காலு எதுக்கு? வாழைத்தண்டை வெட்டி நட்டு வைங்க”ன்னான். வச்சாங்க. மீன் மூக்கு தண்டுல சொருவிக்கிச்சு. சரியான விடை! கைதட்டுங்கப்பா!

பரிசு என்ன தெரியுமா? “இந்த வயசுலயே இம்புட்டு மூளைன்னா, வளந்தா நம்ம கதி என்னாவுறது?”ன்னு மந்திரிமாரு ராஜா காதைக் கடிச்சாங்க. பொடியனைத் தீத்துட்டாங்க. அவன் ரத்தம் வழிஞ்சுதான் மலை செவந்துச்சாம். மண்ணு செவப்புக்கு இரும்புதான் காரணம்னு உன் புஸ்தகம் சொல்லும். சொல்லட்டும். நான் கேக்குறது வேற. அன்னிக்கு அந்தக் கரையில வாழைத்தண்டு யோசனை அந்த ஒருத்தனுக்குத்தானா வந்திருக்கும்? நாலு கெழவனுக்காச்சும் வந்திருக்கும். வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போயி சோறு தின்னுட்டுப் படுத்திருப்பான். அவன் பேரு எந்தக் கதையிலயும் கெடையாது. பேரன் பேத்தி எடுத்திருப்பான்.

இப்போ காலம் மாறிப்போச்சு. விடை சொன்னா வெட்ட மாட்டாங்க, வெளம்பரம் போடுவாங்க. 1963 பிப்ரவரியில இந்த ஊருக்கு டிவி வந்தப்போ, ஒரு பெட்டி முன்னால சமூக மன்றமே கூடி நிக்கும். ஒருத்தரு செய்தி படிச்சாருன்னா, படிச்சுட்டுப் போயிருவாரு. “படிக்கட்டுமா? உறுதியா படிக்கட்டுமா?”ன்னு நம்ம மொகத்தைப் பாத்துக்கிட்டு நிக்க மாட்டாரு. இப்போ? கேள்வி பத்து வினாடி. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் அஞ்சு நிமிசம். வெளக்கு எறங்குது, தம்ம்ம்னு ஒரு சத்தம், கோட்டு போட்டவரு மொறைக்கிறாரு, வேர்த்தவன் முழிக்கிறான், ‘ஒரு சிறிய இடைவேளை’. கல்யாண வீட்டுல எலையப் போட்டுட்டு சோத்தை மறந்துட்ட மாதிரி நாமளும் குந்திக்கிட்டு இருக்கோம்.

இந்தக் கோடீஸ்வரப் போட்டி வித்தைய 1998ல இங்கிலாந்துல தொடங்குனாங்க. 2000ல அமிதாப் பச்சன் இந்தியில கேட்டாரு. அதே வருசம் சன் டிவியில சரத்குமார் ‘கோடீஸ்வரன்’னாரு. நம்ம ஐந்தாம் ஒளிவழி மட்டும் சும்மா இருக்குமா? அதுவும் ஒரு நாற்காலியப் போட்டுச்சு. அப்புறம் சூர்யா, பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி, ராதிகா. ஆளு மாறும், நாற்காலி மாறாது.

காலையில என்கூட கோப்பிக்கடைக்கு வா. அங்க ஒரு சீன அண்ணன் நிப்பாரு. ஒரு மேசையில கோப்பி ஓ கொசோங், பக்கத்துல தே சி சியூ டாய், மூலையில கோப்பி காவ், எனக்கு தே ஆலியா. எழுத மாட்டாரு. யாருக்கும் போன் போட மாட்டாரு. சபையோர் வாக்கு கேக்க மாட்டாரு. எல்லாம் வந்து எறங்கும், சில்லறையும் சரியா இருக்கும். “உறுதியா உங்களுக்கு சீனி வேணாமா? லாக் பண்ணிடலாமா?”ன்னு அவரு ஒருநா கேட்டாருன்னா, மொத்தக் கடையும் எந்திரிச்சு அடுத்த கடைக்குப் போயிரும்.

மேடையில வேர்வைய நம்பாதே தம்பி. 1956ல அமெரிக்காவுல ‘ட்வென்டி ஒன்’னு ஒரு போட்டி. கண்ணாடிக் கூண்டுக்குள்ள ஆளை நிறுத்தி, ஏசிய அணைச்சு வச்சாங்க, நல்லா வேர்க்கட்டும்னு. வேர்வையத் தொடைக்காதே, ஒத்தி எடுன்னு பாடம் வேற. ஹெர்ப் ஸ்டெம்பல்னு ஒருத்தரு ஜெயிச்சுக்கிட்டே இருந்தாரு. ஜனத்துக்கு அவரு மூஞ்சி அலுத்துப்போச்சுன்னு, தோத்துடுன்னுட்டாங்க. 1955க்கான சிறந்த பட ஆஸ்கார் எதுக்குன்னு கேள்வி. ‘மார்ட்டி’. அவருக்கு ரொம்பப் புடிச்ச படமே அதுதான்! தெரிஞ்ச விடைய முழுங்கிட்டு வேற படத்தைச் சொன்னாரு. ஜெயிச்சவரு சார்லஸ் வான் டோரன், காலேஜு வாத்தியாரு, பாக்க லட்சணம். அவரு 1959ல அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால நின்னு, விடையெல்லாம் முன்னாடியே குடுத்துட்டாங்கன்னு ஒத்துக்கிட்டாரு. அந்த வேர்வையப் பாத்து எத்தனை வீட்டுல கையப் பெசஞ்சிருப்பாங்க!

இங்கிலாந்துல இன்னொரு கூத்து. 2001ல அந்தக் கோடீஸ்வரப் போட்டிக்கு வந்தாரு சார்லஸ் இங்ரம்னு ஒரு பட்டாளத்து மேஜர். இவரு விடைகளை ஒவ்வொண்ணா வாய்விட்டுச் சொல்லுவாரு, சரியானது வந்தா பின்னால ஒருத்தரு இருமுவாரு. பத்து லட்சம் பவுனு! பணம் கைக்கு வரல, 2003ல நீதிமன்றம் ஏமாத்துன்னுடுச்சு. தொண்டையைக் கனைக்கிறதுக்கும் கூட்டாளி வேணும்னா அது என்னப்பா பொது அறிவு?

இப்போ மதுரைக்கு வா. 2020 ஜனவரி, கலர்ஸ் தமிழ்ல ‘கோடீஸ்வரி’. கௌசல்யா கார்த்திகான்னு ஒரு பொண்ணு. கேக்கவும் முடியாது, பேசவும் முடியாது. கேள்வி திரையில வந்துச்சு, படிச்சுது, விடைய சைகையில காட்டிச்சு. 15 கேள்வி, ஒரு கோடி ரூவா. யோசிச்சுப் பாரு. அந்தத் தம்ம்ம் சத்தம் அந்தப் புள்ள காதுல விழல. நம்ம நெஞ்சை உலுக்க லட்சக்கணக்குல செலவு பண்ணிப் போட்ட மேளம் பூரா அந்தப் பொண்ணுகிட்ட வீணாப் போச்சு. பாக்கி இருந்தது என்ன? கேள்வியும் அவ புத்தியும்தான். நான் எந்திரிச்சு நின்னு கைதட்டுனேன். என் பொண்டாட்டி முட்டி வலின்னு நெனச்சு தைலம் எடுத்தாந்தா.

சரி, ஜெயிச்சுட்டேன்னு வை. அப்புறம்? பீகார்ல மோதிஹாரின்னு ஒரு ஊரு. சுஷில் குமார், கம்ப்யூட்டர்ல தட்டச்சுப் பண்ற சின்னச் சம்பளக்காரரு. 2011ல அமிதாப் எதிர்ல உக்காந்து அஞ்சு கோடி ரூவா ஜெயிச்சாரு. ஒரு கேள்வியிலயும் தடுக்கி விழல. வீட்டுக்கு வந்த பெறகுதான் ஆரம்பிச்சுது. பத்திரிகைக்காரங்க வந்து வந்து ஒரே கேள்வி: “இப்போ என்ன பண்றீங்க?” நாலு விடை காட்டாத கேள்வி, தம்பி. சும்மாதான் இருக்கேன்னு சொல்ல வெக்கம். ஏதாச்சும் சொல்லணுமேன்னு வியாபாரம் தொடங்குவாரு, அது படுக்கும், இன்னொண்ணு தொடங்குவாரு. தானம் கேட்டு வந்தவனுக்கெல்லாம் குடுத்தாரு, ஏமாத்துனவன் பாதி. குடி, சிகரெட்டு வேற. எல்லாத்தையும் 2020ல அவரே எழுதிட்டாரு, ஒளிக்கல. அப்புறம் மோதிஹாரி இருக்கிற அந்தச் சம்பாரண் மண்ணுல செண்பக மரக்கன்னு நட ஆரம்பிச்சாரு. எனக்கு அந்த அஞ்சு கோடிய விட இந்த மனுசனைத்தான் புடிச்சிருக்கு. உனக்குப் பரிசு விழுந்தா மொதல்ல உன் சித்தப்பன் வருவான், கடை போடலாம்னு. அவனுக்கு என்ன விடை சொல்லுவே? அதைப் பாடம் பண்ணு.

ஒருத்தன் மட்டும் எனக்குக் கூட்டாளி. ஜான் கார்ப்பென்டர், அமெரிக்காவுல வரி இலாகாவுல வேலை. 1999ல அங்க நடந்த கோடீஸ்வரப் போட்டியில கடைசிக் கேள்வி வரைக்கும் ஒரு உதவியும் கேக்கல. அப்புறம் அப்பாவுக்கு ஒரு போன் போடணும்னான். ஊரே மூச்சைப் புடிச்சுது. அவன் என்ன சொன்னான் தெரியுமா? உதவி வேணாம்ப்பா, பத்து லட்சம் டாலர் ஜெயிக்கப் போறேன், அதைச் சொல்லத்தான் கூப்புட்டேன்னான். மேளம் அடிக்கிறவங்களையே வாயப் பொளக்க வச்சுட்டான் பாரு.

ஆமா, போன் போடுற ஆளுங்க பட்டியல்ல என் பேரையும் எழுதிட்டியாமே? முப்பது வினாடிதானாமே. எனக்கு வெத்தலையத் துப்பவே அவ்வளவு நேரம் வேணும். இந்த ஊர்ல கண்ட எடத்துல துப்பவும் முடியாது, ஃபைன் போட்டுருவாங்க. கிரிக்கெட்டுன்னா எட்டாம் மாடிப் பையனைக் கூப்புடு. பழைய சினிமா, மீன் விலை, இந்த ரெண்டுக்கு மட்டும் எனக்கு அடி. அதுவும் ஒம்போது மணிக்கு முன்னால அடி, அப்புறம் சீரியல் ஆரம்பிச்சுரும்.