பெயர்ப் பலகையை யார் கழற்றுவது?

கேள்வி: நிறவெறிக்குத் துணைநின்ற ரிச்சர்ட் ரஸ்ஸலின் பெயர் அமெரிக்க செனட் கட்டடத்தில் இன்னும் ஏன் இருக்கிறது?

பதில்: செல்வாக்குள்ளவர் மறைந்த சூட்டோடு சூடாகப் பெயர் வைத்தார்கள், நிதானமாக யோசிக்க இன்றுவரை நேரம் கிடைக்கவில்லை! 1909-இல் திறந்த கட்டடம் அது. 63 ஆண்டுகள் எந்தத் தலைவரின் பெயரும் இல்லாமலே கம்பீரமாக நின்றது. ஜார்ஜியா செனட்டர் ரஸ்ஸல் 1971-இல் இறந்தார். மறு ஆண்டே அவர் பெயரைச் சூட்டினார்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரும் 1946-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் பெயரையே தாங்குகிறது. அந்தப் புண்ணியத்தை மறுக்க வேண்டாம். ஆனால் கறுப்பின மக்களை அடித்துக் கொல்லும் கும்பல்களைத் தண்டிக்க வந்த மசோதாக்களை முடக்கியவர்களிலும் அவர் இருந்தார். 1964-இல் குடிமை உரிமைகள் மசோதாவைப் பேசிப் பேசியே சாகடிக்க முயன்ற தென்மாநில அணிக்குத் தலைவரும் அவர்தான்.

2018-இல் குடியரசுக் கட்சி செனட்டர் ஜான் மெக்கெய்ன் இறந்ததும், கட்டடத்தை அவர் பெயருக்கு மாற்றலாம் என்றார் ஜனநாயகக் கட்சி செனட்டர் சக் ஷூமர். குடியரசுக் கட்சியில் பலர் தயங்கினார்கள். மெக்கெய்னை எப்படிக் கௌரவிப்பது என்று ஆராய ஒரு குழு போடலாம் என்றார் செனட்டில் அக்கட்சியின் அன்றைய தலைவர் மிட்ச் மெக்கானல். விஷயம் அங்கேயே படுத்துவிட்டது.

இத்தனைக்கும் பெயர் வந்தது ஒரு செனட் தீர்மானத்தால்தான். எடுப்பதற்கும் இன்னொரு தீர்மானம் போதும். அந்தப் பெயரை எடுத்தே ஆக வேண்டும்.