பார்சிலோனாவைத் தின்று தீர்ப்பது எப்படி?

ஒரு நகரத்தைத் தின்பதற்குப் பசி மட்டும் போதாது, திட்டமும் வேண்டும். ஸ்பெயினின் வடகிழக்குக் கரையில் சுமார் 17 லட்சம் பேர் குடியிருக்கும் பார்சிலோனாவை ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்து மேய்ந்துவிட்டுப் போகிறார்கள். இத்தனை பேர் தின்றும் மிச்சம் இருக்கிறதே என்று நகராட்சிக்குப் பெருமை. இன்னும் நாம் இங்கேதான் இருக்கிறோமா என்று குடியிருப்பவர்களுக்கு ஆச்சரியம். நீங்களும் போகத்தான் போகிறீர்கள். தடுக்க நான் யார்? போவதுதான் போகிறீர்கள், முறையாகப் போய்த் தின்றுவிட்டு வாருங்கள். வழி சொல்கிறேன்.

அனுமதி

கையில் இந்தியப் பாஸ்போர்ட் என்றால், நீங்கள் ஓடிப்போகிறவர் அல்ல என்பதை முதலில் நிரூபித்தாக வேண்டும். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, அலுவலகத்தின் விடுப்புக் கடிதம், போகவர விமான முன்பதிவு, ஒவ்வொரு இரவுக்கும் தங்குமிடச் சான்று, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பத்து விரல் ரேகை, எல்லாவற்றுக்கும் மேலே 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் பாஸ்போர்ட் திரும்பி வரும், பணம் வராது. கூடவே ஒரு படிவம் வரும். அதில் ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள்: நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதில் அவர்களுக்கு நியாயமான ஐயமாம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை லண்டனில் பன்னிரண்டு பேர் கிளம்புகிறார்கள். நண்பனுக்குக் கல்யாணம். அதற்கு முன் இரண்டு நாள் பார்சிலோனாத் தெருவில் குடித்து, பாடி, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் வாந்தியெடுத்தாக வேண்டும். அவர்களிடம் வங்கிக் கணக்கை யாரும் கேட்பதில்லை. திரும்பிப் போய்விடுவார்கள் என்பதில் ஐரோப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. ஊர்க்காரர்களின் துயரமோ வேறு: இவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமையும் வந்துவிடுவார்கள்.

பறத்தல்

டிக்கெட் எப்படி இவ்வளவு மலிவு என்று கேட்காதீர்கள். கேட்டால் பதில் இருக்கிறது. 1944இல் சிகாகோவில் ஏற்பட்ட விமானப் போக்குவரத்து உடன்படிக்கையிலிருந்து கிளைத்து, 2003இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிசக்தி வரி விதியிலும் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் சலுகை அது. விமான எரிபொருளுக்கு வரி கிடையாது. பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்காக ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடும் பார்சிலோனாத் தாய் லிட்டருக்கு லிட்டர் வரி கட்டுகிறாள். அந்தப் பிள்ளையின் தலைக்கு மேலே இரைந்துகொண்டு போகும் விமானம் ஒரு காசு கட்டுவதில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அந்த நெய்யையும் விமான நிறுவனங்கள் உங்களுக்கு முழுதாக ஊற்றுவதில்லை. கைப்பெட்டிக்குத் தனிக் காசு, பக்கத்து இருக்கையில் மனைவி உட்காரத் தனிக் காசு. இந்தக் கைப்பெட்டி வசூலுக்காக 2024 நவம்பரில் ஸ்பெயினின் நுகர்வோர் அமைச்சகம் ஐந்து மலிவு விமான நிறுவனங்களுக்குச் சேர்த்து 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. பெட்டிக்கு நீங்கள் கட்டிய பணம் வக்கீலுக்கும் உதவும்.

இறங்கும் இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டில் பார்சிலோனா என்ற பெயரோடு ஜிரோனா என்று சிறிய எழுத்தில் ஒட்டியிருந்தால், நீங்கள் இறங்கப்போவது நகரத்திலிருந்து 90 கிலோமீட்டர் தள்ளி. ரேயுஸ் என்றிருந்தால் அதைவிடத் தூரம். உண்மையான விமான நிலையம் எல் பிராட்டில் இருக்கிறது. 2024இல் ஐந்தரைக் கோடிப் பயணிகள் அதைக் கடந்தார்கள். போதாதாம். 2025 ஜூனில், பார்சிலோனா அடங்கிய கட்டலோனியப் பகுதி அரசின் தலைவர் சல்வடோர் இயா, 320 கோடி யூரோ செலவில் விரிவாக்கத் திட்டம் ஒன்றை அறிவித்தார். ஓடுபாதையை 500 மீட்டர் நீட்ட வேண்டும். எந்தப் பக்கம்? லா ரிகார்டா என்ற பாதுகாக்கப்பட்ட காயல் பக்கம். பறவைகளுக்கு முன்பதிவு இல்லையே, எழுப்பிவிட்டால் போயிற்று.

தங்கல்

விடுதி எதற்கு, 'உள்ளூர்க்காரர் போல' வாழுங்கள் என்கிறது விளம்பரம். நல்ல யோசனை. பழைய நகரின் ஒரு குறுகிய தெருவில், ஐந்தாம் மாடியில் உங்களுக்கு ஒரு வீடு. வாசல் கம்பியில் எண் பூட்டு போட்ட சின்னப் பெட்டி தொங்கும். அதற்குள் சாவி. வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ராத்திரி ஒன்றரை மணிக்குச் சக்கரப் பெட்டியைக் கல் பாவிய தெருவில் கடகடவென்று இழுத்து வந்து, படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இடித்து ஏற்றுங்கள். மூன்றாம் மாடியில் காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் போக வேண்டிய செவிலி ஒருத்தி விழித்துக்கொள்வாள். உள்ளூர்க்காரர் போல வாழ்வது என்றால் என்னவென்று உங்களுக்கு அவள் சொல்லித்தரக்கூடும், ஆனால் அவளிடம் நேரமில்லை. வாடகை உயர்ந்துவிட்டது, இரண்டாவது வேலையும் பார்க்கிறாள்.

பத்து ஆண்டில் வாடகை 68 சதவீதம் ஏறியிருக்கிறது. சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல, மேயர் ஜவுமே கொல்போனியே. 2024 ஜூனில் அவர் வீரமாக ஓர் அறிவிப்பு விட்டார்: 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமத்தை இனிப் புதுப்பிக்க மாட்டோம், 2028 நவம்பரோடு முடிந்தது. கைதட்டலாம். வீட்டை இழந்தவர்கள் மட்டும் 2028 வரை எங்காவது ஒதுங்கியிருந்தால் போதும். இடையில் 2024 மார்ச்சில் வாடகைக்கு உச்சவரம்பு வந்தது. வீட்டுக்காரர்களுக்கா வழி தெரியாது? அன்று அந்த உச்சவரம்பு நிரந்தரக் குடித்தனத்துக்குத்தானே, பதினோரு மாத 'தற்காலிக' ஒப்பந்தத்துக்கு அது பொருந்தவில்லையே. பார்சிலோனாவில் பிறந்து வளர்ந்தவர்கள் பதினோரு மாதத்துக்கொருமுறை தற்காலிகமானார்கள்.

மனச்சாட்சி உறுத்தினால் விடுதிக்கே போங்கள். காலையில் நீங்கள் கசக்கிப்போட்ட படுக்கையை ஒருத்தி வந்து சரிசெய்வாள். மெத்தையின் மூலையை முட்டியால் அண்டைகொடுத்துத் தூக்கி, விரிப்பைச் செருகி, குளியலறைக் கண்ணாடியில் உங்கள் பற்பசைத் தெறிப்பைத் துடைத்து, அடுத்த கதவுக்கு ஓடுவாள். விடுதி அவளை நேரடியாக வைத்துக்கொள்ளாமல் ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிட்டிருக்கும். எத்தனை அறை என்று பார்த்துக் கூலி தரும் ஒப்பந்தக்காரர்களும் உண்டு. 'லாஸ் கெல்லிஸ்' என்ற பெயரில் இந்தப் பெண்கள் ஸ்பெயின் முழுவதும் அமைப்பாகத் திரண்டு, இடுப்பு வலிக்கும் கை மூட்டு வலிக்கும் நியாயம் கேட்டார்கள். விடுதியின் நட்சத்திரங்களை எண்ணுகிறவர்கள் இந்த மூட்டுகளை எண்ணுவதில்லை.

தீனி

இப்போது முக்கியமான விஷயம். ராம்ப்லா வீதியில் நடந்தால், பிளாஸ்டிக் உறை போட்ட படப்பட்டியலோடு ஒருவர் வழிமறிப்பார். படத்தில் பயேயா. மஞ்சள் சோறு, மேலே இறால், நடுவில் எலுமிச்சைத் துண்டு, ராத்திரி ஏழு மணிக்கு உடனடியாகக் கிடைக்கும். உடனடியாகக் கிடைக்காமல் என்ன? உறைநிலையில் வந்தது, மைக்ரோவேவில் சுற்றிவிட்டுச் சட்டியில் கொட்டியாயிற்று. பயேயா பார்சிலோனாச் சோறே அல்ல. அது வலென்சியாவின் வயற்காட்டுச் சாப்பாடு. முயலும் கோழியும் அவரையும் போட்டு, விறகு எரித்து, மத்தியானத்தில் உண்பது. ராத்திரியில் அதைக் கேட்பவரை வலென்சியாக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். ராம்ப்லாவில் பார்க்கமாட்டார்கள். அங்கே பார்ப்பது உங்கள் அட்டையை மட்டும்தான். கூடவே மீன்தொட்டி அளவுக் கோப்பையில் சிவப்பாக ஒன்று வரும். அதற்குச் சங்ரியா என்று பெயர். குடித்துவிடுங்கள், ஆராயாதீர்கள்.

அந்த ஊர்க்காரர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டுத் தொலைக்காதீர்கள், கேட்டால் ஏமாற்றம்தான். ரொட்டித் துண்டின் மேல் பழுத்த தக்காளியை அரக்கித் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, உப்புத் தூவித் தின்பார்கள். கத்தரிக்காயையும் குடைமிளகாயையும் கரியச் சுட்டு, தோலுரித்து, நாராகக் கிழித்து எண்ணெயில் போடுவார்கள். குளிர்காலத்தில் கல்சோட் என்ற நீண்ட வெங்காயத்தைத் தீயில் வாட்டி, கருகிய மேலுறையை ஒரே இழுப்பில் உருவி, கொட்டைப் பருப்பும் மிளகாயும் அரைத்த குழம்பில் தோய்த்து, அண்ணாந்து வாயில் இறக்குவார்கள். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்குமேல், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்குமேல். அதுவரை பொறுக்க உங்களுக்கு எங்கே நேரம்? பட்டியலில் அடுத்தது சந்தை.

பொக்கேரியா சந்தையை விட்டுவிடாதீர்கள். மீன் வாங்க வேண்டாம், நீங்கள் எங்கே சமைக்கப் போகிறீர்கள்! கோப்பையில் மாம்பழச்சாறு, காகிதக் கூம்பில் பன்றித் தொடைச் சீவல், கையில் கைபேசி. மீன் வாங்க வந்த கிழவி உங்கள் முதுகுப்பையில் முட்டி நின்றால், ஓரமாகப் போகச் சொல்லுங்கள். இந்த நெரிசலுக்காகவே 2015இல் வார இறுதியின் பரபரப்பு நேரத்தில் பெரிய சுற்றுலாக் கூட்டங்கள் நுழைய நகராட்சி தடை போட்டது. ஒரு காய்கறிச் சந்தையில் காய்கறி வாங்க வருபவரைக் காப்பாற்றச் சட்டம் போட வேண்டியதாயிற்று.

தரிசனம்

சக்ராடா ஃபமிலியா: அடிக்கல் 1882. ஏழைகளின் காணிக்கையில் எழும் பிராயச்சித்தக் கோயில் என்பது தொடக்ககாலச் சங்கல்பம். இப்போது உள்ளே போக 25 யூரோவுக்கு மேல். இந்தக் கோயில் 137 ஆண்டுகள் செல்லத்தக்க கட்டட அனுமதி இல்லாமலே வளர்ந்தது. 2018இல் நகராட்சிக்குப் பத்தாண்டுத் தவணையில் 3.6 கோடி யூரோ கொடுக்க ஒப்புக்கொண்டு, 2019இல்தான் அனுமதி வாங்கினார்கள். மாடியில் ஒரு தகரக் கூரை போட அனுமதி கேட்டு அலையும் குடித்தனக்காரர் இதைப் படித்துவிட்டு என்ன செய்வாரோ தெரியாது. எதிர்ச் சாரியில் குடியிருப்பவர்களுக்கோ வேறு கவலை. கோயிலின் பிரதான வாசலுக்குப் பெரிய படிக்கட்டு வேண்டுமாம். படிக்கட்டு இறங்க வேண்டிய இடத்தில் அவர்களுடைய வீடுகள் நிற்கின்றன. பிராயச்சித்தம் யாருடையது என்பது இப்போது புரிகிறதா?

இதை வரைந்த அந்தோனி கௌடியை 1926 ஜூனில் டிராம் வண்டி இடித்தது. கசங்கிய உடையைப் பார்த்துப் பிச்சைக்காரர் என்று நினைத்ததால் உடனே கவனிப்பார் இல்லை. மூன்று நாளில் இறந்தார். இன்று அவர் முகம் காந்தத்திலும் குவளையிலும் விற்கிறது.

கோதிக் பகுதியில் பிஷப் பாலத்தின் அடியில் நின்று படம் எடுக்கத் தவறாதீர்கள். இடைக்காலத்தின் மூச்சு உங்கள் கன்னத்தில் படும். பாலம் 1928இல் கட்டியது. அடுத்து குவெல் பூங்கா. பணக்காரர்களுக்கு மனை போட்டு விற்கக் கிளம்பி, வாங்க ஆளில்லாமல் படுத்துப்போன வீட்டுமனைத் திட்டம் அது. 2013இலிருந்து அதன் மையப்பகுதிக்குக் கட்டணம். 2024 மே மாதம் அதே பூங்காவில் லூயி வுட்டன் ஆடை அணிவகுப்பு நடந்தது. அழகிகள் நடந்தார்கள், சுற்றுவட்டாரவாசிகள் வேலிக்கு வெளியே நின்று கத்தினார்கள்.

பூங்காவுக்குப் போகும் 116ஆம் எண் பேருந்து அந்த மேட்டுத் தெருக்களில் ஓடும் சிறிய வண்டி. கைத்தடியோடு ஏறும் முதியவர்களுக்குப் பயணிகள் கூட்டத்தில் உட்கார இடமில்லை. கேட்டுக் கேட்டுச் சலித்தபின் நகராட்சி ஒரு தீர்வு கண்டது: கூகுள் மேப்பிலிருந்து அந்த வழித்தடத்தை நீக்கச் செய்தது. தன் பாட்டி மருந்து வாங்கப் போகும் பேருந்தை உலகத்தின் கண்ணிலிருந்து ஒளித்துவைக்க வேண்டிய நிலைக்கு ஒரு நகரம் வந்திருக்கிறது. இதைத்தான் 'சுற்றுலா வளர்ச்சி' என்று கருத்தரங்குகளில் படம் போட்டுக் காட்டுகிறார்கள்.

தண்ணீர்

2024 பிப்ரவரியில் கட்டலோனியாவில் வறட்சி அவசரநிலை. அணைகளில் 16 சதவீதத்துக்கும் கீழே நீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என்று உள்ளாட்சிகளுக்கு உச்சவரம்பு. பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றில் விடுதிக்காரர்களுக்கு வேறு கவலை: நீச்சல்குளத்தை எப்படி நிரப்புவது? கடல்நீரைச் சுத்திகரிக்கும் கருவி வாங்கக் கிளம்பினார்கள். மழை வந்து அவசரநிலை தளர்ந்தது. ஜூலை 6ஆம் தேதி, சுற்றுலாப் பெருக்கத்தை எதிர்த்துப் பார்சிலோனாவில் சில ஆயிரம் பேர் தெருவில் இறங்கி, உணவகத் திண்ணைகளில் உட்கார்ந்திருந்த பயணிகள் மேல் பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள்.

உலகப் பத்திரிகைகள் பதறின. விருந்தினரை நனைக்கலாமா? நனைந்தவர்களின் சட்டை பத்து நிமிடத்தில் காய்ந்தது. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களின் பெட்டிகள் நடைபாதையில் கிடந்தபோது இந்தப் பதற்றம் எங்கே போயிருந்தது?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? ஒரு கையால் 10,101 வீடுகளை மூடுவேன் என்று சொல்பவர்களும், மறு கையால் ஓடுபாதையை நீட்டுபவர்களும் ஒரே கட்சிக்காரர்கள். அந்த விமான நிலையங்களை நடத்தும் நிறுவனத்தில் 51 சதவீதப் பங்கு ஸ்பெயின் அரசுடையது. சொகுசுக் கப்பல் முனையங்களை 2030க்குள் ஏழிலிருந்து ஐந்தாகக் குறைப்பதாக ஒப்பந்தம் போட்டுவிட்டுச் சாதனை என்கிறார்கள். லாபத்தை அள்ளியவர்கள் நனையாத மாடிகளில் இருக்கிறார்கள். குடியிருப்பவரையும் பயணியையும் தெருவில் மோதவிட்டு, இருவரிடமும் வரி வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆகவே போய்வாருங்கள். யாராவது உங்கள் மேல் தண்ணீர் அடித்தால் கோபப்படாமல், நகராட்சிக்கும் விமான நிலையத் தலைமையகத்துக்கும் வழி சொல்லுங்கள், துப்பாக்கியை அங்கே திருப்பட்டும். ஆனால் அவர்கள் குற்றவாளிகளின் பட்டியலைச் சரிபார்க்கும்போது கடைசி வரியில் உங்கள் பெயர் இருந்தால் மறுக்காதீர்கள். சாவிப் பெட்டியைத் திறந்த விரல் உங்களுடையதுதான்.