அடுப்பு தொடாத நளன்

கத்திரி வெயில் தொடங்கும்வரை இவரை அடையாளம் காண முடியாது. வங்கியிலோ மின்வாரியத்திலோ உத்தியோகம், ஐம்பதைத் தாண்டிய வயது, அளவான தொந்தி. சமையலறை வாசற்படியில் நின்று "காபி ஆச்சா?" என்று கேட்பதோடு அந்த அறைக்கும் அவருக்கும் உள்ள பந்தம் முடிந்துவிடும். கடுகும் கேழ்வரகும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். உப்பு டப்பாவை அவர் நேரில் சந்தித்ததே இல்லை. பள்ளிக்கூடம் விடுமுறை விட்டு, தம்பி பிள்ளைகளும் தங்கை பிள்ளைகளும் வந்து வீடு நிறைந்து, மின்விசிறியிலிருந்து அனல் இறங்குகிற ஒரு மத்தியானம் இரண்டரை மணிக்குத்தான் அவருக்குள் உறங்கும் நளன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டுவார்.

"பசங்களா, இன்னிக்கு எவனும் கடையில கலர் கிலர் வாங்கிக் குடிக்கக் கூடாது. நான் ஒண்ணு பண்ணித் தரேன். ஐஸ்க்ரீம் ஃப்ளோட். சோடாவுல மிதக்கிற ஐஸ்க்ரீம். அஞ்சே நிமிஷம். அடுப்பே பத்த வைக்க வேண்டாம்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது பார்வை சமையலறைப் பக்கம் போகும். கல்யாணமான நாளிலிருந்து அடுப்பைப் பற்றவைத்தே ஆயுளை வீணடித்த ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்பது அதன் உட்பொருள். பெரியம்மா வாயைத் திறக்க மாட்டார். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து, அப்போதுதான் துடைத்து முடித்த மேடையை ஒரு தரம் ஆசை தீரப் பார்த்துக்கொள்வார்.

அந்த ஐந்து நிமிஷத்தில் கடைக்குப் போய் வருவது சேராது. சோடா குளிர்வது சேராது. ஷோகேஸில் பத்து வருஷத் தூசியோடு நிற்கும் கண்ணாடி டம்ளர்களை இறக்கிக் கழுவுவதும் சேராது. சுருக்கமாகச் சொன்னால், மற்றவர்கள் செய்யும் எந்த வேலையும் சேராது.

கடையில் இவரைப் பார்க்க வேண்டும். உறைபெட்டியின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, வெனிலா டப்பாவின் அடிப்பக்கத்தைப் படிப்பார். "பாலில் செஞ்சாதான் ஐஸ்க்ரீம். தாவரக் கொழுப்புல செஞ்சா அதுக்குப் பேரு ஃப்ரோசன் டெஸர்ட். பொடி எழுத்துல போட்டிருப்பான், நாமதான் பார்க்கணும்." இதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் வம்பு. அடைமொழி இல்லாமல் ஐஸ்க்ரீம் என்று பெயர் போட வேண்டுமானால் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. ஒரு லிட்டர் ஐஸ்க்ரீம் 525 கிராமுக்குக் குறையக் கூடாது என்றும் விதி இருக்கிறது. ஆகவே ஒரு லிட்டர் டப்பாவில் ஏறக்குறையப் பாதி காற்றாக இருக்கலாம். "காத்தைக் காசு கொடுத்து வாங்குறோம்யா!" என்று அவர் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து முழங்குவார். கடைக்காரருக்கு இந்தச் சட்டமெல்லாம் அத்துப்படி. அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மூடியைச் சாத்திட்டுப் பேசுங்க சார், உள்ள எல்லாம் இளகுது."

இந்த இனத்தில் உட்பிரிவுகள் உண்டு. 1916-இல் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோவைத் தவிர வேறெதிலும் ஐஸ்க்ரீம் மிதக்கக் கூடாது என்பவர்கள் ஒரு கட்சி. தென்மாவட்டங்களில் இவர்களோடு வாதாடி ஜெயித்தவர் கிடையாது. பன்னீர் சோடாக் கட்சிக்காரர்கள் கொஞ்சம் மென்மையானவர்கள். கல்யாண வீட்டு ஞாபகத்தில் வாழ்பவர்கள். ரோஸ் எசன்ஸ் கட்சி சட்டையில் கறையோடு திரியும். எனக்குப் பழக்கமானவர் நன்னாரிக் கட்சி. சும்மா இல்லை, சித்தாந்தத்தோடு கூடிய நன்னாரி.

"அமெரிக்காக்காரன் ரூட் பியர்னு ஒரு பானத்துல ஐஸ்க்ரீமைப் போட்டுக் குடிக்கிறான். பியர்னதும் பயப்படாதே, போதை கிடையாது. வேர், பட்டை எல்லாம் போட்டுப் பண்ற இனிப்புத் தண்ணி. அதுல போடுற ஒரு வேர் சர்சாபரில்லா. நம்ம நன்னாரிக்கு வெள்ளைக்காரன் என்ன பேரு வச்சான்? இந்தியன் சர்சாபரில்லா! அப்போ ஃப்ளோட் யாருடையது?"

பிள்ளைகள் கூட்டத்தில் யாரும் பதில் சொல்வதில்லை. இரண்டும் வேறு வேறு செடிக் குடும்பம் என்று தாவரவியல் படிக்கும் தங்கை மகளுக்குத் தெரியும். ஆனால் மாமாவைத் திருத்தப்போனால் ஐஸ்க்ரீம் இன்னும் தள்ளிப்போகும் என்பதும் தெரியும்.

செயல்முறை கூடத்தில்தான் நடக்கும். சமையலறையில் காற்று வராதாம். கட்டிலை ஓரம் தள்ளி, மின்விசிறிக்கு நேர் கீழே பழைய பேப்பரை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே உத்தரவு. "கத்தரிக்கோல் எடு. துடைக்கத் துணி கொண்டா. அது இல்லை, நல்ல துணி. நீளக் கரண்டி எங்கே?" ஐஸ்க்ரீமைத் தேடி எடுப்பதும் ஒரு படலம். ஃப்ரீசரில் ஒரே மாதிரி மூன்று டப்பா இருக்கும். ஒன்றில் துருவிய தேங்காய். ஒன்றில் போன வாரம் அரைத்த மாவு. பெரியம்மாவைக் கேட்டால் நொடியில் தெரிந்துவிடும். ஆனால் கேட்பது நளனுக்கு இழுக்கு.

டப்பா கைக்கு வந்ததும் வேலை தொடங்கும் என்று நினைத்தால் ஏமாந்தோம். ஐஸ்க்ரீம் கல்லாக இருக்கிறது, சற்று இளக வேண்டும். அந்த இடைவேளையில்தான் வரலாறு.

கோலி சோடா பாட்டிலைக் கையில் தூக்கிப் பிடிப்பார். 1870-களில் ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் கொண்டுவந்த பாட்டில் அது. உள்ளே அடைத்த வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை மூடிக்கொள்ளும், தக்கையும் வேண்டாம், மூடியும் வேண்டாம். அங்கிருந்து ஒரே தாவலில் பிலடெல்பியா. 1874-இல் அந்த ஊர்க் கண்காட்சி ஒன்றில் ராபர்ட் கிரீன் என்பவர் இனிப்பு க்ரீம் கலந்த சோடா விற்றார், க்ரீம் தீர்ந்துபோனது, பக்கத்தில் கிடைத்த வெனிலா ஐஸ்க்ரீமை அள்ளிப் போட்டார், கூட்டம் அலைமோதியது.

"தீர்ந்துபோய்ப் போடலையாம் பெரியப்பா. எதிர்க்கடைக்காரன் கூட்டத்தை இழுக்கணும்னு யோசிச்சுத்தான் போட்டேன்னு அவரே சொல்லியிருக்காராம்" என்பான் போனும் கையுமாகத் தம்பி மகன்.

"அது அவர் பின்னால பெருமைக்குச் சொன்னதுடா. மனுஷனுக்குத் தற்பெருமை கூடாது."

இதை அவர் சிரிக்காமல் சொல்வார்.

அந்தக் கிரீன், ஐஸ்க்ரீம் சோடாவை முதலில் உண்டாக்கியவர் இவர் என்று கல்லறைக் கல்லில் பொறிக்கும்படி உயிலில் எழுதிவைத்தார் என்பார்கள். இந்த இடத்தில் நளனின் குரல் தழுதழுக்கும். சமையலறையிலிருந்து பெரியம்மா முதல்முறையாக வாய் திறப்பார். "நம்மில கல்லறை வழக்கம் இல்லையே. வேணும்னா ரேஷன் கார்டுல போடச் சொல்லுங்க."

அடி வாங்கியவர் உடனே சென்னைக் கடற்கரைக்குத் தப்பிப்பார். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் அமெரிக்கக் குளத்துப் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து பாஸ்டனிலிருந்து கப்பலேற்றினார் பிரெடரிக் டூடர். 1833-இல் கல்கத்தாவுக்கு முதல் கப்பல் வந்தது; பிறகு சென்னைக்கும் வந்தது. அதைச் சேர்த்துவைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைக்கு விவேகானந்தர் இல்லம். 1897-இல் சுவாமிஜி அங்கே தங்கினார். "நாலு மாசம் கடல்ல வந்த ஐஸே உருகலை. உங்களுக்கு அஞ்சு நிமிஷம் பொறுக்கலையா?" பாதி உருகித்தான் வந்தது என்பதைச் சொல்ல மாட்டார். இங்கே டப்பாவின் ஓரங்களில் வெனிலா குளம் கட்டத் தொடங்கியிருக்கும்.

இத்தனை ஏளனத்துக்கும் நடுவில் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். கை வேலை என்று வந்துவிட்டால் மனிதர் மாறிவிடுவார். முந்நூறு மில்லி பிடிக்கும் உயர டம்ளர். அடியில் இரண்டு மேசைக்கரண்டி நன்னாரி சர்பத். அதன்மேல் கொஞ்சமே கொஞ்சம் சோடா விட்டு ஒரு கலக்கு. சர்பத் அடியில் கெட்டியாகத் தங்கிவிடாமல் இருக்க. பிறகு டம்ளரைச் சாய்த்து, உள்சுவரோடு வழியவிட்டு, முக்கால் பங்குவரை சோடா. மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு நிறுத்திவிடுவார். வெந்நீரில் நனைத்த கரண்டியால் ஐஸ்க்ரீமை ஒரே இழுப்பில் சுருட்டி, போடாமல், டம்ளர் விளிம்பில் உட்காரவைத்து மெல்ல நழுவவிடுவார். உருண்டை ஒருமுறை முங்கி எழும். அது எழுந்த இடத்திலிருந்து சுர்ரென்று வெண்நுரை கிளம்பி, விளிம்புக்கு மேலே குடை பிடித்து, வழியலாமா வேண்டாமா என்று யோசித்து, நிற்கும். இந்த யோசனை நேரத்தில் கூடத்தில் யாரும் மூச்சுவிடுவதில்லை.

ஏன் நுரைக்கிறது என்றும் அவர் சரியாகவே சொல்வார். சோடாவில் கரைந்திருக்கும் வாயு குமிழியாவதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். ஐஸ்க்ரீமின் சொரசொரப்பான மேனியில் பனிப்பொடியும் காற்றறைகளுமாக அந்தப் பிடிமானம் ஏராளம். வந்த குமிழியைப் பாலின் புரதம் போர்த்திக் காப்பாற்றுவதால் அது சோடா நுரைபோல் உடனே உடையாமல் நிற்கிறது. சோடா ஜில்லென்று இருந்தால் வாயு அதற்குள் அடங்கிக் கிடக்கும், மெதுவாக வெளியேறும். வெதுவெதுப்பான சோடாவாக இருந்தால் மொத்தமும் ஒரே மூச்சில் கிளம்பிப் பேப்பரில்தான் மிதக்கும். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு: நுரை எங்கே வந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. இந்த விளக்கத்தை எந்த ஆசிரியரிடமாவது கேட்டிருந்தால் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். கண்ணெதிரே நுரை எழும்புவதால் கேட்கிறார்கள்.

அந்த நேரத்தில் நளன் கத்துவார். "எலுமிச்சம்பழத்தைக் கீழே வை!" பழக்கதோஷத்தில் யாராவது ஒருத்தர் அரை மூடியைப் பிழியக் கையில் எடுத்திருப்பார். நன்னாரி என்றாலே கை எலுமிச்சைக்குப் போவது நம் ஊர் ரத்தத்தில் இருக்கிறது. சோடா சர்பத்துக்கு அது அமிர்தம். ஐஸ்க்ரீமோடு சேர்ந்தால் பால் திரிந்து, டம்ளருக்குள் திப்பி திப்பியாக மிதக்கும். உலகத்தில் அவர் யாரையாவது அடிக்கக் கை ஓங்குவது அந்த ஒரு தருணத்தில்தான்.

பந்தி விசாரணை இனிதான். "உடனே குடிக்கணும், நுரை அடங்கிடும்" என்பார். குடிக்கப் போனால் "அதுக்குள்ள என்ன அவசரம், முதல்ல பாரு" என்பார். கலக்கக் கூடாது, ஆனால் ஐஸ்க்ரீமும் சோடாவும் சேர்ந்தே வாய்க்குள் போக வேண்டும். நீளக் கரண்டி வீட்டில் ஒன்றே ஒன்று, அதுவும் ஊறுகாய் ஜாடிக்குச் சொந்தமானது. அது யாருக்கு வாய்த்ததோ அந்தப் பிள்ளைக்கு மாவடு வாசனையோடு ஒரு ஃப்ளோட். கடைக்குட்டி, "எனக்கு சோடா வேண்டாம், வெறும் ஐஸ்க்ரீம் போதும்" என்று அழும். இதைவிடப் பெரிய அவமானம் அவருக்கு வேறில்லை. சர்க்கரை வியாதிக்காரரான தாத்தா, "எனக்கு வேண்டாம்ப்பா" என்று மூன்று முறை சொல்லிவிட்டு, நாலாவது முறை சொல்வதற்குள் பாதி டம்ளரை முடித்திருப்பார்.

அதன்பின் ஒவ்வொரு முகமாகப் பார்த்து அந்தக் கேள்வி. "எப்படி?"

"நல்லா இருக்கு" என்று சொன்னால் போதாது. "சும்மா சொல்லாதே, உண்மையைச் சொல்லு." உண்மையைச் சொன்னவர்கள் அடுத்த வருஷம் வரிசையில் கடைசி. பெரியம்மா டம்ளரை வாங்கும்போதே, உதடு படுவதற்கு முன்பே, "ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவார். நெடுநாள் இல்லறத்தில் தேர்ந்த வித்தை.

ஆறுபேர் குடித்த அந்த ஐந்து நிமிஷப் பானத்துக்குப் பிறகு தொட்டியில் கிடப்பவை: கண்ணாடி டம்ளர்கள், சர்பத் ஊற்றிய குழிக்கரண்டி, அளவு பார்த்த காபி டவரா, கரண்டி நனைத்த வெந்நீர்ச் சொம்பு, எதற்கென்றே தெரியாமல் எடுத்த இட்லித் தட்டு ஒன்று. அடுப்பே பற்ற வைக்கவில்லை என்கிறாரே, வெந்நீர் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கூடத்தில் பேப்பர் தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நன்னாரிச் சொட்டு விழுந்த தடத்தைப் பிடித்து வாசற்படி வழியாக எறும்பு வரிசை உள்ளே வரும்.

நளன் சாய்வு நாற்காலியில். "பார்த்தியா, சமையல்னா இவ்வளவுதான். நீங்க என்னவோ காலையிலிருந்து..." என்று தொடங்கி, சமையலறையில் ஒரு பாத்திரம் சற்றே பலமாக வைக்கப்பட்ட ஓசை கேட்டு நிறுத்திக்கொள்வார்.

சாயங்காலம் மச்சினருக்குப் போன் போடுவார். "ஞாயித்துக்கிழமை நாங்க வரோம்ப்பா. தடபுடல் ஒண்ணும் வேண்டாம், நானே வந்து பண்ணிக்கிறேன். உசரமான கண்ணாடி டம்ளர் பத்து இருக்கா? இல்லைன்னா வாங்கி வை. சோடாவை சனிக்கிழமையே ஃப்ரிட்ஜில வச்சிடணும். ஃப்ரீசர்ல இடம் இருக்கா பாரு. அடுப்பே பத்த வைக்க வேண்டாம்னு தங்கச்சிகிட்டே சொல்லு."

போனைக் கையால் பொத்திக்கொண்டு மச்சினர் வீட்டம்மா பேசுவது இங்கேவரை கேட்கும். "ஞாயித்துக்கிழமை நாம குலதெய்வம் கோயிலுக்குப் போறோம்னு உங்க அத்தான்கிட்டே சொல்லுங்க."