சிம்பா தாத்தா

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எந்தக் கால்நடை மருத்துவரின் கிளினிக்குக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். இவர் இருப்பார். அறுபதைத் தாண்டிய வயது, அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒரு கையில் நாய்ச் சங்கிலி, அதன் மறுமுனையில் தரையை அடைத்துக்கொண்டு ஒரு லாப்ரடார். இன்னொரு கையில் பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல்.

கிளினிக்கில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. ரிசப்ஷனில் இருக்கும் பெண் சீட்டைப் பார்த்து "ரோஸி அம்மா", "டைகர் அப்பா" என்று கூப்பிடுவாள். "சிம்பா அப்பா, உள்ள வாங்க" என்றால் மட்டும் இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே திருத்துவார்: "அப்பா டொரான்டோல இருக்கான்மா. நான் தாத்தா."

கதை அவ்வளவுதான். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்த்த மகன், பொழுது போகாமல் நாற்பத்தைந்து நாள் குட்டியை வாங்கிவந்தான். "நாய்க்கு வீட்டுக்குள்ள என்னடா வேலை? கார் ஷெட்டோட நிக்கட்டும்" என்று இவர் சட்டம் போட்டார். அப்புறம் மகனுக்கு விசா வந்தது. மகன் போனான், நாய் நின்றது. கார் ஷெட் வராந்தாவாகி, வராந்தா ஹாலாகி, இப்போது ஃபேனுக்கு நேர் கீழே சிம்பா படுக்க, இவர் ஓரமாக நாற்காலி போட்டுக்கொள்கிறார். பேரக்குழந்தை கேட்ட வீடுகளில் பிள்ளைகள் லாப்ரடாரைக் கொடுத்துவிட்டுப் போவது இந்தப் பக்கத்தில் இப்போது சகஜம்.

இவர் வேலை பார்த்த இடம் ஆவடி டேங்க் ஃபேக்டரியாக இருக்கலாம், பாடி டி.வி.எஸ்.ஸாக இருக்கலாம், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியாகவும் இருக்கலாம். எங்கே இருந்தாலும் மெயின்டெனன்ஸில் இருந்திருப்பார். ஓடுகிற மெஷினை நிறுத்தி கிரீஸ் வைக்கலாமென்றால் புரொடக்‌ஷன் மேனேஜர் சண்டைக்கு வருவார். நிறுத்தாமல் விட்டு அது உடைந்தால் அப்போதும் இவரிடம்தான் வருவார். அந்த அனுபவத்தில் பிறந்த ஒரு தத்துவம் இவரிடம் உண்டு. பக்கத்தில் உட்காருகிறவர் கேட்காமலேயே அது கிடைக்கும்.

"உடைஞ்சதை ரிப்பேர் பண்றவனுக்கு மாலை போடுவாங்க சார். உடையாமப் பார்த்துக்கிட்டவனைப் பார்த்து, உனக்கு இங்க என்ன வேலைம்பாங்க."

மெஷின் போய்விட்டது, தத்துவம் மிச்சம். அது இப்போது சிம்பாவின்மேல் இறங்கியிருக்கிறது. ஃபைலைத் திறந்தால் முதல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்ட அட்டவணை. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் போட்ட முதல் ஊசி, பூஸ்டர்கள், மூன்று மாதத்தில் போட்ட வெறிநோய் ஊசி, வருஷா வருஷம் போட்டது, குட்டியில் அடிக்கடி கொடுத்து இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாகக் குறைந்த பூச்சி மருந்து எல்லாம் வரிசையாக இருக்கும். முடிந்ததற்குப் பச்சை மை, வரப்போவதற்குச் சிவப்பு. ஊசி போட வேண்டிய தேதியை இவர் 'டியூ டேட்' என்று சொல்வதில்லை. "இருபதாம் தேதி சிம்பாவுக்கு சர்வீஸ்" என்பார்.

ஊசி போடும் நேரத்தைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். டாக்டரம்மா வேப்பேரியில் படித்தவர். 1903-ல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் பெயரைச் சொன்னாலே இந்த வட்டாரத்தில் தனி மரியாதை. இவருக்கும் மரியாதை உண்டு. ஆனால் இன்ஸ்பெக்‌ஷன் வேறு, மரியாதை வேறு. டாக்டர் ஃப்ரிட்ஜைத் திறந்ததும் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்குவார்.

"ரெண்டுலேர்ந்து எட்டு டிகிரிதானே மேடம்? மத்தியானம் கரண்ட் போச்சே?"

"இன்வர்ட்டர்ல இருக்கு சார்."

"இன்வர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணி ஊத்தினீங்களா?"

டாக்டர் பதில் சொல்லாமல் குப்பியை இவர் கையில் கொடுத்துவிடுவார். இவர் அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து, பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் வாய்விட்டுப் படித்து, "ஓகே" சொன்ன பிறகுதான் ஊசி. போட்டு முடித்ததும் டாக்டர் குப்பியின் லேபிளை உரித்துத் தடுப்பூசி அட்டையில் ஒட்டி, அதன்மேல் பாதியும் அட்டையில் பாதியுமாகக் கையெழுத்துப் போடுவார். லேபிள் கோணலாக ஒட்டியிருந்தால் இவருக்கு ராத்திரி தூக்கம் வராது. இத்தனை நேரமும் சிம்பா மேஜைமேல் வாலை ஆட்டியபடி நிற்கும். ஊசி போட்டதே அதற்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டவர் தாத்தாதான்.

உண்ணி விஷயத்தில் இவர் இன்னும் பயங்கரம். தினமும் சாயங்காலம் சிம்பாவைக் குப்புறப் போட்டு, காது மடலுக்குப் பின்னால், கழுத்துப் பட்டைக்கு அடியில், கால் விரல்களுக்கு நடுவில் என்று முடியை விலக்கி விலக்கிப் பார்ப்பார். ஒன்று அகப்பட்டால் பழைய மாத்திரை டப்பாவில் அடைத்துச் சாட்சியாகக் கிளினிக்குக்குக் கொண்டுவருவார். "இது நாய்மேல இருக்கறதை விடச் சுவர்லதான் சார் அதிகம் இருக்கும். விரிசல்ல போய் ஆயிரக்கணக்கில முட்டை போடும்" என்று டாக்டர் ஒருநாள் சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளே ஒரு மூட்டை சிமென்ட் வந்து இறங்கியது. காம்பவுண்டுச் சுவரில் ஒரு விரிசல் விடாமல் பூசினார். பக்கத்து வீட்டுச் சுவரையும் பூசக் கிளம்பியபோதுதான் இவர் வீட்டு அம்மாள் தடுத்தாள். "உண்ணிக் காய்ச்சல் வந்து ரத்தத் தட்டு குறைஞ்சா அப்போ பூசுவியா?" என்று இவர் கேட்டதற்கு, அவளிடமிருந்து வந்த பதிலை இங்கே எழுதுவதற்கில்லை.

காத்திருக்கும் ஹாலில் இவர் நடத்துவது தனி ஓ.பி. சித்திரை வெயிலில் சைபீரியன் ஹஸ்கியோடு வந்த இளைஞனிடம், "நம்மள மாதிரி நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது தம்பி, பாதத்துலதான் கொஞ்சம். மத்தபடி நாக்கைத் தொங்கப் போட்டுத்தான் சூட்டை இறக்கணும். வாக்கிங் போறதுக்கு முன்னாடி புறங்கையைத் தார் ரோட்டுல வச்சுப் பாரு. உன்னால வைக்க முடியலைன்னா அதாலயும் முடியாது" என்பார்.

"எங்க பாமரேனியன் வீட்டை விட்டு வெளியவே போகாது, அதுக்கு எதுக்கு ரேபீஸ் ஊசி?" என்று கேட்கும் அம்மாவுக்கும் பதில் உண்டு. "அது வெளிய போகாதும்மா. கேட்டுக்கு அடியில பூனையும் கீரியும் உள்ள வருதே? அந்தக் காலத்துல தொப்புளைச் சுத்திப் போட்ட ஊசியெல்லாம் இப்போ இல்லை, கையிலதான் போடறாங்க. கடிச்ச உடனே சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு ஓடினா தப்பிக்கலாம். ஆனா நோய் வெளியில தெரிஞ்சிடுச்சுன்னா அன்னிக்கும் மருந்து இல்லை, இன்னிக்கும் மருந்து இல்லை."

தெருநாயைத் தூக்கிக்கொண்டு வந்த ஆட்டோக்காரரிடம், பீஸைக் கேட்டு அவர் முகம் மாறுமுன் தணிந்த குரலில் சொல்வார்: "ஜூலை ஆறு, செப்டம்பர் இருபத்தெட்டு, இந்த ரெண்டு நாளையும் ஒட்டி அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில இலவசமாப் போடுவாங்க. 1885-ல லூயி பாஸ்டர் ஒரு பையனுக்கு முதல் ஊசி போட்ட நாள் அது. இது அவர் செத்துப்போன நாள்."

"எங்க கல்யாண நாள் என்னிக்குன்னு கேளுங்க, தெரியாது" என்பது பக்கத்து நாற்காலியிலிருந்து வரும் குரல்.

ஆவடியில் இருக்கும் சகலையோடுதான் இவருக்கு எல்லைத் தகராறு. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானது. 2025 கடைசியில் சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம், இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று வந்ததும் இவர் முதல் ஆளாக 50 ரூபாய் கட்டி உரிமம் எடுத்து, பிரின்ட்டை லேமினேட் செய்துவிட்டார். சகலை சிரித்தார். "அபராதமெல்லாம் உங்க மாநகராட்சிக்குத்தானே? ஆமா, அந்தச் சிப்பை வச்சு நாய் எங்க இருக்குன்னு போன்ல பார்க்கலாமா?"

"அதுல பேட்டரியே கிடையாது, எங்கேர்ந்து போன்ல தெரியும்? அரிசி அளவுதான் இருக்கும். தொலைஞ்சுபோன நாயைப் புடிச்சு மெஷினை வச்சா நம்பர் வரும், நம்பரை வச்சு நம்ம வீட்டைக் கண்டுபிடிக்கலாம். நீங்க ஊசியாவது போடுங்க. திருமுல்லைவாயல் தாண்டினா வேற மாநகராட்சின்னு கிருமிக்குத் தெரியுமா?"

இப்படிப்பட்டவருக்கும் ஒருநாள் ஆடிட் வந்தது. எடை மேடையில் சிம்பா ஏறியதும் 41 என்று காட்டியது. போன முறை 37. டாக்டர் முகம் மாறிவிட்டது. "இடுப்பு மூட்டு தாங்காது சார். வீட்ல எக்ஸ்ட்ராவா யார் என்ன தர்றீங்க?"

இவர் விசாரணை அதிகாரியாக மாறி மனைவியைப் பார்த்தார். அம்மாள் தயிர்சாதத்தை ஒப்புக்கொண்டாள், வெள்ளிக்கிழமை வடையையும் ஒப்புக்கொண்டாள். அதற்கப்புறம் நிதானமாக, "காலையில வாக்கிங் போற வழியில டீக்கடை பட்டர் பிஸ்கட் யார் வாங்கித் தர்றாங்கன்னும் கேளுங்க டாக்டர்" என்றாள். ஃபைலில் பச்சையிலும் இல்லாமல் சிவப்பிலும் இல்லாமல் போன ஒரே பதிவு அது. சிம்பா வேறு, பிஸ்கட் என்ற சொல்லைக் கேட்டதும் தாத்தாவின் சட்டைப்பையை முகர்ந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டது.

விடவில்லை அம்மாள். "இவருக்கும் இதே மாதிரி ஒரு அட்டை போட்டுக் குடுங்க டாக்டர். பி.பி. பார்த்து மூணு வருஷம் ஆச்சு. கேட்டா நல்லாத்தானே இருக்கேன்றார்."

"எனக்கு லைசென்ஸ் நாலு காலுக்குத்தான்மா" என்றார் டாக்டர்.

அன்று ராத்திரி வழக்கம்போல் டொரான்டோவிலிருந்து வீடியோ கால். "சிம்பா எப்படிப்பா இருக்கான்?"

"அவனுக்கென்ன, ஒண்ணுமில்லை. எப்பவும்போல இருக்கான்."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குப்பா அடிக்கடி கிளினிக் போறீங்க?"

"அதனாலதான்டா ஒண்ணுமில்லை. பில்லை வாட்ஸ்அப்ல போட்டிருக்கேன், பார்த்துப் பணம் அனுப்பு."